மோரில் கலந்த பொடி

அத்தியாயம் 17

பிரிண்டிங் டேபிளுக்கு அடியில் தங்கதுரை சுருண்டு விழுந்த இடத்தில்தான் போன வாரம் அவனை விட்டுவிட்டு வந்தோம். முகம் செங்கல்லாய்ச் சிவந்திருந்தது. வாந்தி எடுத்திருந்தான். சட்டையெல்லாம் சாராய வாடை. பதின்மூன்று வருடம் குடித்தவன், குடியை விட்டுச் சரியாக ஒரு வருடம் நிறைகிற சனிக்கிழமை அது.

இப்போது அனுப்பர்பாளையத்தில் ஒரு சின்ன மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தான். கையில் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சு இன்னும் தையல் மிஷின் மாதிரி அடித்துக்கொண்டது. ஆனால் காது நன்றாகக் கேட்டது.

"ஒரு வருஷம் தாங்குனதே பெருசு" என்று வாசல் பக்கம் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார் முதலாளி திருமூர்த்தி. "நாய் வாலை நிமுத்த முடியுங்களா?"

தங்கதுரை எழ முயன்றான். "நான் குடிக்கலீங்க."

"வாடை வந்துதேப்பா."

"என்ற சட்டைல வந்துதுங்க. வாயில வரல. நீங்கதான ஸ்பிரிட் கேனைக் குடுத்து ஸ்கிரீனைத் தொடைக்கச் சொன்னீங்க?"

அவன் சொன்னதில் பொய்யில்லை. பனியனில் படம் அச்சடிப்பது பார்க்க எளிது. சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய மெல்லிய வலைதான் ஸ்கிரீன். படம் வர வேண்டிய இடத்தில் மட்டும் வலைக்கண் திறந்திருக்கும்; மற்ற இடமெல்லாம் அடைத்திருக்கும். மேலே சாயத்தை ஊற்றி ரப்பர் கட்டையால் ஓர் இழுப்பு இழுத்தால், திறந்த கண் வழியே சாயம் துணியில் இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். சாயம் காய்ந்து கண் அடைத்துக்கொண்டால் கரடிப் பொம்மைக்கு ஒரு கண் இல்லாமல் போகும். அதனால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மண்ணெண்ணெயால் துடைப்பதுதான் அங்கே வழக்கம். இந்த ஆர்டர் கைக்குழந்தை உடுப்பு. மண்ணெண்ணெய் நாற்றம் துணியில் ஏறவே கூடாது என்று ஆர்டர் கொடுத்த பையர் கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் அன்றைக்குத்தான் முதல் முறையாக ஸ்பிரிட் வந்தது. வெளியே ஆவணிச் சாரல். ஈரக்காற்று பட்டால் அச்சு காயாது என்று ஜன்னலை எல்லாம் சாத்தியிருந்தார்கள். அந்த மூடிய அறையில் காலையிலிருந்து முப்பது ஸ்கிரீன் துடைத்திருந்தான் தங்கதுரை.

"முருகேசும் அதே ரூம்லதான தொடைச்சான்? அவன் உழுகலியே" என்றார் திருமூர்த்தி.

தங்கதுரைக்குக் கோபம்தான் வந்தது.

சாந்தாமணி ஓடி வந்தாள். வேறொரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருப்பவள். கழுத்தில் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டிலை நெருங்கியவள் "என்னாச்சுங்க?" என்று கேட்கவில்லை. குனிந்து அவன் வாயருகே மூக்கைக் கொண்டுபோனாள்.

பழைய பழக்கம். எத்தனையோ வருடம் வாசற்படியில் நிறுத்தி, "ஊதுங்க" என்று சொல்லி முகர்ந்து பார்த்த மூக்கு.

"மோந்து பாத்துக்க, நல்லா மோந்து பாத்துக்க" என்றான். "மொதலாளி மோந்தாச்சு. நீயும் ஆச்சு. தெருவுல போறவனையும் கூப்புடு."

அவள் நிமிர்ந்தாள். கட்டிலுக்கு அடியில், கம்பெனிப் பையன்கள் அவனுடைய செருப்போடு சேர்த்துக் கொண்டுவந்து வைத்திருந்த சோற்றுத் தூக்குப்போசியும் மோர் பாட்டிலும் அவள் கண்ணில் பட்டன. காலையில் மகள் தேஜஸ்ரீ கட்டிக் கொடுத்தவை. பாட்டிலில் பாதி மோர் மிச்சம் இருந்தது. சாந்தாமணி அதையே பார்த்தாள்.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் உமர் பாய். ரயில்வே கேட் பக்கம் லேபிள் கடை வைத்திருப்பவர். குடியை விட்டவர்கள் வாரம் கூடும் குழுவில் தங்கதுரைக்குத் துணை அவர்தான். குடிக்கத் தோன்றினால் குடிப்பதற்கு முன்னால் யாருக்குப் போன் அடிக்க வேண்டுமோ, அவருக்குப் பெயர் துணை. இந்த ஒரு வருடத்தில் தங்கதுரை அவருக்கு அடித்த போன்களில் அவருடைய மனைவி அஜீஸுன்னிசாவுக்கே அவன் குரல் மனப்பாடம்.

"இவர் குடிக்கல" என்றார் டாக்டரம்மா. "ரத்தத்துல இருக்கறது ஒரு துளி. மூச்சு வழியா ஏறுனது. அந்தத் துளிக்கு ஒருத்தர் இப்படி உழக் கூடாது."

தங்கதுரை திருமூர்த்தியைப் பார்த்தான். அவர் செல்போனைப் பார்த்தார். "வண்டி லோடு ஏத்தோணும், நான் வாரேன்" என்று கிளம்பிவிட்டார். தப்பாகப் பேசிவிட்டேன் என்று ஒரு வார்த்தை இல்லை.

"குடியை நிறுத்தறதுக்கு மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களா?"

"இல்லீங்க. நான் குழுவுக்குத்தானுங்க போறேன்."

டாக்டரம்மா சாந்தாமணி பக்கம் திரும்பினார். "நீங்க ஏதாச்சும் குடுக்கறீங்களா?"

சாந்தாமணி மோர் பாட்டிலிலிருந்து கண்ணை எடுத்தாள். ஏதோ கணக்குப் போட்டு முடித்தவள் மாதிரி நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தாங்க கலக்குனேன்" என்றாள். "மோருல."

மடத்துக்குளம் பக்கம் ஒருவர். குடி மறக்கப் பொடி கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போயிருக்கிறாள். சின்ன டப்பாவில் வெள்ளைப் பொடி. ருசி கிடையாது, வாடை கிடையாது. சிட்டிகை அளவு, தினம் ஒருவேளை, ஆளுக்குத் தெரியாமல்.

டாக்டரம்மாவின் முகம் இறுகியது. ஆனாலும் பொறுமையாகவே விளக்கினார்.

"சாராயம் உள்ள போனா நம்ம ஒடம்பு அதை ரெண்டு படியா ஒடைக்கும். மொதப் படியில அது ஒரு விஷமா மாறும். அடுத்த படியில அந்த விஷமும் கரைஞ்சு போயிரும். அது தொடர்ந்து நடக்கறதால நமக்கு ஒண்ணும் ஆகறதில்ல. இந்தப் பொடி, வேற ஒண்ணுமில்ல, மாத்திரையை இடிச்சதுதான், ரெண்டாவது படியை அடைச்சுப் போடும். விஷம் போக வழியில்லாமத் தேங்கிரும். மூஞ்சி செவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் எறங்கிரும். மூச்சுல ஏறுன துளிக்கே இவருக்கு இப்படி. ஒரு குவார்ட்டர் உள்ள போயிருந்தா, இன்னிக்கு இவரை வேற எடத்துக்குக் கொண்டு போயிருப்பீங்க."

சாந்தாமணி மோர் பாட்டிலைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"நல்ல மருந்துதான்மா. சாப்பிடறவருக்குத் தெரியோணும், டாக்டர் பாத்துக் குடுக்கோணும். தெரியாமக் குடுத்தா அது மருந்தில்ல. சாப்பிட்டு ரெண்டு வாரம் வரைக்கும் ஒடம்புல நிக்கும். அதுக்கு மேல நிக்காது. அதனால இனி ரெண்டு வாரத்துக்கு ஸ்பிரிட் பக்கமே போகக் கூடாது."

டாக்டரம்மா போன பிறகு குளுக்கோஸும் தீர்ந்தது. ஊசியை எடுத்ததும் தங்கதுரை பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தவுடன் கேட்டான்.

"எப்பத்துல இருந்து?"

"நீங்க குழுவுக்குப் போன மொத வாரத்துல இருந்துங்க."

"அப்பத் தை மாசம் லோஷன் பாட்டில் ஒடைஞ்சுதே?"

சவரம் செய்துவிட்டு லோஷன் தடவியதும் அன்றைக்குக் கன்னம் தீயாய் எரிந்தது. மறுநாள் பாட்டில் கை தவறி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். புதிதாக வாங்கவும் விடவில்லை.

"நான்தாங்க ஒடைச்சேன். அது ஆகாதுன்னு பொடி குடுத்தவரு சொல்லியிருந்தாரு."

"லோஷன் ஆகாதுன்னு தெரியும். என்ற உசுரு போகும்னு தெரியாதாக்கு?"

"தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது."

"ஒரு வருஷம்டீ! பல்லைக் கடிச்சுட்டு ஒவ்வொரு நாளாத் தள்ளுனேன். சம்பளத்தன்னிக்கு அத்தன பேரும் கடைக்குப் போகையில, நான் வேற வீதி சுத்தி ஊட்டுக்கு வந்தேன். அதெல்லாம் நான் பண்ணுனதுன்னு நெனச்சேன். எல்லாம் உன்ற மோரு பண்ணுனதா?"

சாந்தாமணிக்கும் இப்போது ஏறிவிட்டது. "பின்ன நான் எதை நம்பறதுங்க? கொடுமுடி ஆத்துல முழுகி ஒரு சத்தியம். மாலை போட்டு ஒரு சத்தியம். பாப்பா தலைல கை வெச்சு ரெண்டு. எதுங்க நின்னுது? சொல்லுங்க, எது நின்னுது? அஞ்சாறு பேரு வட்டமா உக்காந்து பேசுனா குடி போயிருமாக்கும்னு நெனச்சேன். ஆமா, கலக்குனேன். பயத்துல கலக்குனேன்."

"பொழுதோட அஞ்சு மணிக் கூட்டத்துக்கு நீ வர வேண்டாம். ஒரு வருஷத்துக்குன்னு தர்ற வில்லையை எனக்கு யாரும் குடுக்க வேண்டாம்."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். உமர் பாய் அவன் பின்னாலேயே படியிறங்கினார். போகும்போது சாந்தாமணியிடம் மெதுவாகச் சொன்னார்: "நீங்க வந்துருங்கம்மா. அவரு சொன்னாச் சொல்லிட்டுப் போறாரு."

உமர் பாயின் வண்டி நான்காவது வீதி திரும்பியதும் எதிரே சரக்குக் கடை. சனிக்கிழமை மத்தியானம், இப்போதே கூட்டம். தங்கதுரையின் கண் அங்கே போனதை வண்டிக் கண்ணாடியில் பார்த்தார் பாய். வண்டியைக் கடைக்கு நேர் எதிரில், பேக்கரி வாசலில் நிறுத்தினார்.

"இங்கியா நிறுத்துவீங்க?"

"பசிச்ச வயித்தோட கோவப்படக் கூடாதுங்க. ரெண்டுல ஒண்ணைத்தான் வெச்சுக்கோணும். ரெண்டு தேங்காபன்னு, ரெண்டு டீ!"

குழுவில் முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் அது. பசி, கோபம், தனிமை, அசதி. இந்த நான்கில் இரண்டு ஒன்றாகச் சேர்ந்தால் கால் தானாகக் கடைப்பக்கம் நடக்கும். அன்றைக்குத் தங்கதுரையிடம் நான்கும் இருந்தன.

பன்னைப் பிய்த்தான். விழுங்க முடியவில்லை. "இந்த ஒரு வருஷம் என்றதில்லீங்க பாய். பொடியோடது. அங்க வந்து எந்த மூஞ்சியோட வில்லை வாங்கறது?"

"பொடி என்ன பண்ணுமுங்க? டாக்டர் சொன்னதை மறுக்காச் சொல்லுங்க."

"குடிச்சா விஷத்தைத் தேக்கும்."

"குடிச்சாத்தான?"

"ஆமா."

"நீங்க குடிச்சீங்களா?"

தங்கதுரை டீயைக் கீழே வைத்தான்.

"பொடிக்கு ஆசையை நிறுத்தத் தெரியாதுங்க. குடிச்சவனை அடிக்கத்தான் தெரியும். இல்லாட்டி, அடி உழும்னு தெரிஞ்சவனைப் பயமுறுத்தும். உங்களுக்குத் தெரியவும் தெரியாது, நீங்க குடிக்கவும் இல்ல. பின்ன அது ஒரு வருஷமா உங்க வயித்துல சும்மாதான உக்காந்திருந்துது? சம்பளம் வாங்காத வாட்ச்மேன் மாதிரி."

சிரிப்பு வரவேண்டிய இடம். தங்கதுரைக்கு வரவில்லை. புத்திக்கு அது சரியென்று பட்டது. மனசு மட்டும் ஆறவில்லை.

"ஆனா அவ நம்பலீங்களே பாய். முன்னெல்லாம் தினம் போசியைக் கையில குடுத்துட்டுச் சிரிப்பா. அந்தச் சிரிப்புக்காவே குடிக்காம இருந்த நாளு எத்தனையோ."

"எங்க ஜமாத்துல ஒருத்தருக்கும் தெரியாம ஒம்பது வருஷம் குடிச்சவன் நானு. மறைக்கற வித்தைய ஊட்டுக்கு யாருங்க சொல்லிக்குடுத்தது? நாமதான. இன்னிக்கு நல்லாக் கோவப்படுங்க. ஆனா குழுவுல வந்து படுங்க. இந்தக் கடை வாசல்ல வேண்டாம்."

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஒன்று இருந்த மாடி அறையில், சனிக்கிழமை ஐந்து மணிக்குக் குழு கூடும். சம்பள நாள் என்பதால்தான் சனிக்கிழமை. வட்டமாக நாற்காலிகள், தலைவர் இல்லை, மேடை இல்லை. சட்டம் ஒன்றே ஒன்று. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. கேள்வி கூடாது, அறிவுரை கூடாது, "அட விடுங்க" என்கிற ஆறுதல்கூடக் கூடாது. பேசி முடித்தால் நன்றி சொல்லி அடுத்தவர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் வீட்டு ஆட்களும் வரலாம். அன்றைக்கு அந்தச் சனிக்கிழமை.

சாந்தாமணி வந்திருந்தாள். கதவோரம் கடைசி நாற்காலி. தேஜஸ்ரீ வரவில்லை, பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்றாளாம்.

"என் பேர் தங்கதுரை. நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. முதலாளியைத் திட்டினான், பொடிக்காரனைத் திட்டினான். பெண்டாட்டியைப் பெயர் சொல்லியே திட்டினான். "விஷத்தைக் கலக்கிட்டு, மோரு புளிக்குதான்னு கேப்பாங்க! நான் திருந்திட்டேன்னு இந்த ஊட்டுல ஒருத்தராச்சும் நம்புனீங்களா? நான் பொய் சொன்னேன், ஆமா. பொய்யின்னு எல்லாருக்கும் தெரிஞ்ச பொய்யி. நீ சொன்னது, நான் உண்மைன்னு குடிச்ச பொய்யி!"

பன்னிரண்டு பேர் அசையாமல் கேட்டார்கள். சாந்தாமணி இரண்டு முறை வாயைத் திறந்தாள். சட்டம் அவளுக்கும்தான். மூடிக்கொண்டாள்.

"நன்றி, தங்கதுரை" என்றார்கள் எல்லோரும்.

பிறகு வில்லை வந்தது. பாத்திரப் பட்டறை வைத்திருக்கிற தவசி, குழுவின் உறுப்பினர், தன் கையால் வெட்டி மெருகேற்றிய பித்தளை வில்லை. அதை நேரே உரியவரிடம் கொடுப்பதில்லை. வட்டம் முழுக்கக் கைமாறி வரும். ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்து அடுத்தவருக்குத் தருவார்கள். பித்தளை சூட்டை வாங்கிக்கொள்கிற உலோகம். வட்டம் சுற்றி முடியும்போது வெதுவெதுப்பாக இருக்கும். கடைசிக் கை வீட்டு ஆளுடையது.

சாந்தாமணியின் கைக்கு வந்தது. அவள் எழுந்தாள். இப்போது அவள் முறை. தங்கதுரை குறுக்கே பேச முடியாது.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க" என்றாள். "திட்டு வாங்கிட்டேன். வாங்க வேண்டியதுதான். கலக்குனது நெசம். ஆனா ஒண்ணு சொல்லோணும். இங்க பொய் சொல்லக் கூடாதுன்னாங்க. பங்குனியில ஒரு நாளு, இவரு கரண்டு போயிருச்சுன்னு, தூங்கற பாப்பாவுக்கு விசிறிட்டே உக்காந்திருந்தாரு. அதைப் பாத்ததும் எனக்கு மனசு கேக்கல. மறுநாளே டப்பாவோட சாக்கடையில கொட்டிட்டேன். அஞ்சு மாசமாச்சுங்க. நான் நிறுத்தி அஞ்சு மாசமாச்சு."

வில்லையை அவன் கையில் அழுத்தினாள். சூடாக இருந்தது.

தங்கதுரைக்குக் கேட்க வேண்டியிருந்தது, கேட்கக் கூடாது. ஐந்து மாதம். சாப்பிட்டு இரண்டு வாரத்துக்கு மேல் உடம்பில் நிற்காது என்று டாக்டரம்மா சொன்னார். பங்குனியிலிருந்து சாந்தாமணியின் கம்பெனி வேன் காலை ஏழு மணிக்கே வந்துவிடுகிறது. பங்குனியிலிருந்து தூக்குப்போசி கட்டுவது, மோர் ஊற்றுவது எல்லாம் தேஜஸ்ரீ...

அவன் சாந்தாமணியைப் பார்த்தான். மருத்துவமனையில் அவள் போட்ட கணக்கு அதுதான். போட்டு முடித்துவிட்டுத்தான், நான் கலக்கினேன் என்று பழியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.

இருவரும் வீட்டுக்கு வந்தார்கள்.

தேஜஸ்ரீ கூடத்தில் புத்தகத்தை விரித்துவைத்து உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை.

"ஆமாப்பா. நான்தான்."

"ஏன் கண்ணு?"

"அம்மா டப்பாவைக் கொட்டுனதை நான் பாத்தேன். நானே உடுமலை பஸ் ஏறி மடத்துக்குளம் போயி வாங்கிட்டு வந்தேன். அம்மா நம்பிட்டாங்க. எல்லாரும் நம்பிட்டா எப்படிங்கப்பா? இந்த ஊட்டுல ஒருத்தராச்சும் முழிச்சிருக்கோணும்ல?"

"அம்மிணி, அப்பா உசுரே போயிருக்கும்!" என்றாள் சாந்தாமணி.

"குடிச்சாத்தானம்மா போகும்? அப்பாதான் குடிக்கவே மாட்டாரே." அவள் கண் காய்ந்திருந்தது. "பத்தாவது ரிசல்ட் அன்னிக்கு மிட்டாய் வாங்கப் போனீங்க. மூணு நாளு கழிச்சு வந்தீங்க. நீங்க ஒரு வருஷத்தை எண்ணுறீங்க. நான் எண்ணுறது அதுக்கு முன்னாடி இருந்தது."

தங்கதுரை வில்லையை எடுத்து அவள் புத்தகத்தின் மேல் வைத்தான். மத்தியானத்திலிருந்து வைத்திருந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியவில்லை. எதிரே இருந்த கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அவள் வில்லையைத் தொடவில்லை. புத்தகத்தை அதன் அடியிலிருந்து இழுத்துக்கொண்டாள். "இன்னும் ரெண்டு டப்பா இருக்குங்கப்பா. எங்க வெச்சிருக்கேன்னு சொல்ல மாட்டேன்."

என்ன செய்வதென்று தெரியாத சாந்தாமணி, தெரிந்த ஒன்றைச் செய்தாள். தட்டை வைத்தாள். சோறு போட்டாள். அடுக்களையில் மூடி வைத்திருந்த மோரை ஒரு தம்ளரில் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

தங்கதுரை தம்ளரை எடுத்தான். உதட்டுக்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. மெதுவாக மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். வாசற்படியில் நிறுத்தி இந்த வீடு அவனை முகர்ந்த மாதிரியே.

தேஜஸ்ரீ புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"வாடை வராதுங்கப்பா."